சக்கர நாற்காலிப் பயணிக்கு ஏற்ற ஜீப், கேரவன்: மாற்றியமைப்பது எப்படி?

புதுதில்லி: கரடுமுரடான பாதைகளில் செல்லும் ஜீப்பையும், தங்கிச் செல்லும் கேரவனையும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப மாற்றியமைக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, விதிகளுக்கு உட்பட்ட மாற்றங்களால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் செல்லாததாகிவிடாது.

கால்களால் இயக்க இயலாதோர், தானியங்கி கியர் வாகனத்தில் பிரேக், ஆக்சிலரேட்டரைக் கைநெம்புகோலுடன் இணைத்து ஓட்டலாம்.

உயரமே பெரும் சவால். கட்டடங்களுக்கான 1:12 சரிவு விகிதத்தைப் பின்பற்றினால், 60 செ.மீ. உயரத் தளத்துக்கு 7.2 மீட்டர் சாய்தளம் தேவை. ஆகவே, மின்தூக்கியே உகந்தது.

நாற்காலியை நான்கு இடங்களில் தளத்துடன் பிணைப்பதோடு, பயணிக்குத் தனி சீட் பெல்ட்டும் அவசியம். மின்தூக்கியைக் கையாலும் இயக்கும் வசதி வேண்டும். இல்லையெனில், பேட்டரி செயலிழந்தால் ஆளரவமற்ற இடத்தில் பயணி உள்ளேயே சிக்க நேரிடும்.