பசுமைமாறா மரப் பைப்புழு: வாழ்வியலும் பரவலும்

முன்னுரை

அந்துப்பூச்சிகளுள் சைக்கிடே குடும்பத்தைச் சார்ந்தவற்றின் புழுக்கள், தாம் சுரக்கும் பட்டிழையோடு இலைத் துணுக்குகளையும் சிறு குச்சிகளையும் சேர்த்துப் பை பின்னி, அதனைச் சுமந்தே வாழ்கின்றன. இவற்றைக் ‘கூட்டுப்புழு’ எனச் சுட்டுதல் பொருந்தாது. புழுப் பருவத்திற்கும் முதிர்பருவத்திற்கும் இடைப்பட்ட உறங்குநிலைக்கே அச்சொல் தமிழில் வழங்கி வருகிறது. எனவே ‘பைப்புழு’ என்னும் சொல் இங்குக் கையாளப்படுகிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் பசுமைமாறா மரப் பைப்புழுவின் பெண் பறப்பதுமில்லை, நடப்பதுமில்லை. அவ்வாறாயினும் அவ்வினம் பெரும் நிலப்பரப்பில் காணப்படுகிறது. இம்முரணை அதன் வாழ்வியலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்

1803ஆம் ஆண்டில் ஹாவொர்த் என்பவரால் விவரிக்கப்பட்ட இவ்வினத்தின் அறிவியற்பெயர் தைரிடோப்டெரிக்ஸ் எஃபெமெரேஃபார்மிஸ் என்பதாகும். முற்பகுதி ‘சாளரச் சிறகு’ எனவும், பிற்பகுதி ‘ஈசலையொத்துக் குறுகிய நாள் வாழும் மேப்பூச்சியின் வடிவினது’ எனவும் பொருள்படும். இரண்டும் ஆண் பூச்சிக்கே பொருந்துவன. அதன் சிறகுகள் பெரும்பாலும் செதிலற்று, கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும்.

வாழ்க்கைச் சுழற்சி

ஆண்டுக்கு ஒரு தலைமுறையே தோன்றுகிறது. தாயின் பைக்குள் குளிர்காலத்தைக் கழித்த முட்டைகள் மே இறுதியிலோ சூன் மாதத்திலோ பொரிக்கின்றன. வெளிவரும் சிறு புழு உடனே தனக்கெனப் பை பின்னத் தொடங்குகிறது. தலையையும் கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இலையை உண்கிறது. உடல் வளருந்தோறும் பையையும் பெரிதாக்குகிறது. முதிர்ந்த பை 3 முதல் 5 செ.மீ. நீளமுடையது. கோடை இறுதியில் புழு தன் பையைக் கிளையில் இறுகக் கட்டி, அதனுள் கூட்டுப்புழுவாகிறது.

ஆண் சிறகு பெற்று வெளியேறுகிறது. அதற்கு உண்பதற்கேற்ற வாயுறுப்பு இல்லாமையால் சில நாள்களே வாழ்கிறது. பெண்ணோ சிறகும் பயன்படத்தக்க காலும் இன்றிப் புழுவடிவிலேயே பைக்குள் தங்கிவிடுகிறது. அது வெளியிடும் மணத்தால் ஈர்க்கப்படும் ஆண், தன் வயிற்றுப்பகுதியைப் பையின் கீழ்த்துளை வழியே நீட்டிப் புணர்கிறது. பெண் 500 முதல் 1,000 வரை முட்டைகளை இட்டபின் மடிகிறது.

பரவும் முறை

ஆகவே, இடம்பெயரும் வாய்ப்பு பெரும்பாலும் புதிதாய்ப் பொரித்த புழுவுக்கே உரியது. அது பட்டிழையில் தொங்கி, காற்றால் அருகிலுள்ள செடிகளுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. எஞ்சியவை தாய் மரத்திலேயே தங்குகின்றன. ஒரு மரம் மொட்டையாகி நிற்க, சற்றுத் தொலைவிலுள்ள மரம் தழைத்து நிற்பதன் காரணம் இதுவே. நெடுந்தொலைவுப் பரவலுக்குப் பைகளோடு கூடிய நாற்றுகளை மனிதர் கொண்டுசெல்வதும் துணைபுரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகளை உண்ணவல்லமையால், சென்றடையும் இடத்தில் உணவு கிடைப்பதும் அரிதன்று.

பரவல் எல்லை

மாசசூசெட்ஸ் முதல் புளோரிடா வரையிலும், மேற்கே நெப்ராஸ்கா, டெக்சாஸ் வரையிலும் இவ்வினம் காணப்படுகிறது. வட எல்லையை வகுப்பது தட்பவெப்பமே. கடுங்குளிர் பைக்குள் இருக்கும் முட்டைகளை அழிக்கிறது. கோடை குளிர்ந்து குறுகுமாயின் வளர்ச்சி தாமதமாகி, உறைபனிக்கு முன் இனப்பெருக்கம் நிறைவுறாது போகிறது.

மரங்களுக்கு நேரும் கேடு

இலையுதிர் மரங்கள் இழந்த இலைகளைப் பெரும்பாலும் மீண்டும் பெறுகின்றன. துயா, ஜூனிப்பர் போன்ற பசுமைமாறா மரங்கள் இலையை முற்றிலும் இழந்தால் பட்டுப்போகின்றன. புழு முதிர்ந்து பையை மூடிக்கொண்டபின் தெளிக்கப்படும் மருந்து பயன் தருவதில்லை. பொரித்த சில வாரங்களுக்குள் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரிய மருந்து பயன்படும். சிறு மரங்களாயின் இலையுதிர்காலம் முதல் வசந்தம் வரை பைகளைக் கையால் அகற்றி அழிக்கலாம். பறித்த பைகளை மரத்தடியில் எறிந்துவிடின் முட்டைகள் அங்கேயே பொரிக்கும்.

முடிவுரை

பெண்ணைக் காக்கும் பையே அதனை ஓரிடத்தில் பிணிக்கவும் செய்கிறது. இப்பிணிப்பு ஒரே மரத்தில் புழுக்களை ஆண்டுதோறும் பெருக்கி அம்மரத்தை அழிக்கிறது. ஆயின் அடுத்த தலைமுறை முழுவதும் பல மாதங்கள் அசைவின்றிக் கைக்கெட்டும் பைகளில் தங்கியிருப்பதற்கும் அதுவே காரணமாகிறது. இவ்வினத்தின் பரவலை விளக்கும் வாழ்வியலே மரத்தைக் காக்கும் காலத்தையும் காட்டுகிறது எனலாம்.