8 அடி என்றது கருவி. இருந்ததோ 158 அடி!

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், கடலோரமாக டெக்சாஸ் சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மிகப் பெரிய பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை ஒன்று உண்டு. 2005-ம் ஆண்டில் அது பி.பி. கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி. புதன்கிழமை.

பழுதுபார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு பகுதியை மறுபடியும் ஓட வைக்கும் வேலை நடந்து கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் 170 அடி உயரமுள்ள இரும்புக் கோபுரம் ஒன்று நின்றது. எண்ணெயைச் சூடாக்கி, லேசானதைத் தனியாகவும் கனமானதைத் தனியாகவும் பிரிப்பது அதன் வேலை. கோபுரத்தின் அடியில் ஆறரை அடி உயரத்துக்கு எண்ணெய் நின்றால் போதும்.

காலை 10 மணி சுமாருக்கு எண்ணெய் உள்ளே போகத் தொடங்கியது. அடியிலிருந்து வெளியே போகும் வழி அடைத்தே இருந்தது. ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அல்ல. சுமார் மூன்று மணி நேரம்!

உள்ளே போனது எங்கே போகும்? மேலே மேலே ஏறியது.

ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்த கருவி என்ன சொன்னது? "எண்ணெய் மட்டம் குறைகிறது" என்றது! பகல் 1.04 மணிக்கு, மட்டம் சுமார் 8 அடிதான் என்று காட்டியது. அந்த நேரத்தில் கோபுரத்துக்குள் உண்மையில் 158 அடி உயரத்துக்கு எண்ணெய் நின்றது.

பத்து நிமிடத்தில் எண்ணெய் பொங்கி வழிந்தது. கோபுரத்தின் உச்சியிலிருந்து வந்த குழாயில் இறங்கி, 113 அடி உயரமுள்ள இன்னொரு போக்கி வழியாக ஊற்றுப் போலப் பீறிட்டது. தரையெல்லாம் எண்ணெய், காற்றெல்லாம் ஆவி. பக்கத்தில் ஒரு டீசல் வண்டி, என்ஜினை நிறுத்தாமல், நின்று கொண்டிருந்தது. தீப்பொறி அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

பகல் 1.20 மணிக்கு வெடித்தது. 15 பேர் மாண்டார்கள். 180 பேர் காயம் அடைந்தார்கள். மாண்டவர்கள் அனைவரும் அருகே நின்ற தற்காலிக அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். கோபுரத்தை ஓட்டும் வேலைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

கருவி ஏன் பொய் சொன்னது?

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும் வரையில் கனம் தெரியாது. தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கை இழுக்கும்.

அந்தக் கருவியும் இதே போலத்தான். எண்ணெய்க்குள் ஒரு தண்டு தொங்கும். அது எவ்வளவு மூழ்கி இருக்கிறதோ அவ்வளவு லேசாகத் தெரியும். அதை வைத்து மட்டத்தைச் சொல்லும். அடியிலிருந்து சுமார் 9 அடி வரைதான் அதற்கு அளக்கத் தெரியும். அதற்கு மேல் 10 அடியும் ஒன்றுதான், 150 அடியும் ஒன்றுதான்.

அது மட்டும் அல்ல. எண்ணெய் சூடேறினால் இளகும். இளகினால் தண்டைத் தாங்கும் சக்தி குறையும். தண்டு கனத்துத் தெரியும். "ஓகோ, மட்டம் இறங்கிவிட்டது" என்று கருவி நினைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, பல ஆண்டுகளுக்கு முந்திய பழைய விவரத் தாளைப் பார்த்துக் கருவியைச் சரிசெய்திருந்தார்கள்.

ஆகவே கருவி உடைந்து போகவில்லை. தனக்குத் தெரிந்த எண்ணெய்க்கு அது சரியாகவே கணக்குப் போட்டது. எண்ணெய்தான் மாறியிருந்தது!

மட்டம் மீறினால் ஒலிக்க வேண்டிய அபாய அறிவிப்புகள் இரண்டு. ஒன்று அதிகாலையிலேயே ஒலித்துவிட்டது. மற்றது ஒலிக்கவே இல்லை. கோபுரத்தின் பக்கத்தில் மட்டம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. அழுக்கேறி, ஒன்றும் தெரியவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்துக் கொண்டிருந்த ஊழியரோ தொடர்ந்து 29 நாள், தினம் 12 மணி நேரம் வேலை பார்த்தவர். அவர் தலையில் மூன்று பகுதிகளின் பொறுப்பு. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கற்றுக்கொள்ளும் காவல்காரன்

இப்போது இந்தக் காவல் வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதுவும் சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல. தானே கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர். இதற்கு "எந்திரக் கற்றல்" என்று பெயர்.

கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, அடுக்களையில் பால் பொங்கப் போகிறது என்று எப்படிச் சொல்கிறாள்? யாரும் அவளுக்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை. வாசனை, சத்தம், அடுப்பு மூட்டி எத்தனை நேரம் ஆயிற்று என்கிற நினைப்பு எல்லாம் சேர்ந்து சொல்கிறது.

கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆலை ஒழுங்காக ஓடிய மாதங்களின் கணக்கை எல்லாம் அதற்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சூடு, ஒவ்வொரு அழுத்தம், ஒவ்வொரு குழாயின் ஓட்டம். இது ஏறினால் அது ஏறும், இது திறந்தால் அது குறையும் என்ற உறவுகளை அது தானே கண்டுபிடித்துக் கொள்கிறது. பிறகு இரவும் பகலும் பார்த்துக் கொண்டிருக்கிறது. உறவு கெட்டால் உடனே கூப்பிடும். "உள்ளே எண்ணெய் போகிறது, வெளியே வரவில்லை, மட்டமோ இறங்குகிறது. இது எப்படி?" என்று கேட்கக்கூடிய காவல்காரன் அது.

பொய்த் தொழிற்சாலை

இந்தக் காவல்காரனை எங்கே பழக்குவது? நிஜ ஆலையில் வேண்டுமென்றே கோளாறு செய்து பார்க்க முடியாதே!

இதற்கென்றே ஒரு பொய்த் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கெமிக்கல் கம்பெனியைச் சேர்ந்த டவுன்ஸ், வோகல் என்ற இருவர் 1993-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். "டென்னசி ஈஸ்ட்மன்" என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டருக்குள் மட்டுமே ஓடும் தொழிற்சாலை அது. ஆனால் நிஜமான ஒரு ரசாயனத் தொழிலைப் பார்த்துச் செய்தது. கம்பெனியின் ரகசியம் வெளியே போகாமல் இருக்க, எட்டுப் பொருள்களுக்கும் ஏ, பி, சி என்று எழுத்துகளையே பெயராக வைத்துவிட்டார்கள்.

அதில் 41 அளவுகள். திருப்புவதற்கு 12 பிடிகள். ஓடும் விதம் ஆறு. வரவழைக்கக் கூடிய கோளாறுகள் 20. அவற்றில் ஐந்து என்ன கோளாறு என்றே அவர்கள் சொல்லவில்லை! உலகம் முழுவதும் ஆராய்ச்சி மாணவர்கள் இதில்தான் தங்கள் கம்ப்யூட்டர்களைப் பழக்குகிறார்கள். 3, 9, 15 என்ற எண்ணுள்ள கோளாறுகள் இன்றும் பிடிபடாத கள்ளர்கள். அவை அளவுகளில் தடமே பதிக்காமல் வந்து போகின்றன.

கல் உப்பும் தூள் உப்பும்

சங்கடம் எங்கே வருகிறது?

கல் உப்பில் கை பழகியவள், அதே கைப்பிடி அளவில் தூள் உப்பைப் போட்டால் குழம்பு கரிக்கும். கையில் குற்றம் இல்லை. உப்பு மாறிவிட்டது.

ஆலையிலும் எல்லாம் மாறும். கோடையில் குளிர்விக்கும் தண்ணீரே வெந்நீராக வரும். வேறு கிணற்றிலிருந்து வேறு எண்ணெய் வரும். சரக்குக்குக் கிராக்கி இருந்தால் வேகமாக ஓட்டுவார்கள். குழாய்களில் அழுக்குப் படியும். ஒரு விதமாக ஓடியதை மட்டும் கற்ற கம்ப்யூட்டர், இன்னொரு விதத்தில் ஓட்டியதும் "ஆபத்து, ஆபத்து" என்று கூவும்.

கூவினால் கூவட்டும் என்று விட முடியுமா? முடியாது. 1994-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி, பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள மில்போர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடி விபத்து நடந்தது. வெடிப்பதற்கு முந்திய 11 நிமிடங்களில் அங்கே இருந்த இரண்டு ஊழியர்களுக்கு வந்த அபாய அறிவிப்புகள் 275! எதை என்று பார்ப்பது? "புலி வருது" கதையில் கூட ஒரு சிறுவன்தான் கூவினான்.

"அப்படியானால் கம்ப்யூட்டர் தினமும் புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்கட்டுமே!" என்று தோன்றும். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

கண் பார்வை மெல்ல மெல்ல மங்குகிறவருக்கு அது தெரிவதே இல்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லை அல்லவா? அதே போல, ஒரு குழாய் சிறிது சிறிதாக அடைபட்டால், அல்லது ஓர் அளவுகோல் நாளுக்கு நாள் பிசகினால், தினமும் கற்கும் கம்ப்யூட்டர் அதையும் பாடமாகப் படித்துவிடும். "இதுதான் இயல்பு" என்று வைத்துக்கொள்ளும். கோளாறு முற்றும் வரை வாய் திறக்காது. பழசையே பிடித்துக் கொண்டிருப்பவனாவது சும்மா கூவுவான். இவன் கள்ளனோடு சிநேகமாகி விடுவான்!

ஆகவே இப்போது வேறு வழிகள் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விதமான ஓட்டத்துக்கும் தனித்தனிப் பாடம் வைக்கிறார்கள். புதிய மாற்றம் எதையும் பொறியாளர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பாடத்தில் சேர்க்கிறார்கள். "இந்த நிலையை முன்பு பார்த்ததே இல்லை" என்று ஒப்புக்கொள்ளவும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆலையை நிறுத்தி மறுபடி ஓட்டும் நேரத்தில் இது மிகவும் அவசியம். அப்படிப்பட்ட நாள்கள் ஆண்டில் மிகச் சில. படிப்பதற்குக் கணக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். டெக்சாஸ் சிட்டி விபத்து நடந்ததும் அப்படி ஒரு நாளில்தான்.

இன்னொன்றும் உண்டு. கோடை ஆனாலும் குளிர் ஆனாலும், எந்த எண்ணெய் வந்தாலும், உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால் மீதி உள்ளேதான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் மாற்றிக் கற்கவே கூடாது என்று பூட்டி வைக்கலாம்.

டெக்சாஸ் சிட்டி விபத்தை அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியம் விசாரித்தது. 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் அறிக்கை வெளியிட்டது. அன்று உள்ளே போகும் எண்ணெயின் அளவு ஒரு திரையிலும், வெளியே போகும் அளவு வேறொரு திரையிலும் இருந்தன என்பதை அறிக்கை எடுத்துக் காட்டியது. இந்தக் கோபுரங்களில் போனதும் வந்ததும் கட்டுப்பாட்டுத் திரையில் தெளிவாகத் தெரியும்படி செய்ய வேண்டும், மட்டம் காட்டும் கருவி ஒன்றுக்கு மேல் வைக்க வேண்டும் என்று வாரியம் சிபாரிசு செய்தது.