37 டிகிரியிலும் வெப்ப அலை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காரைக்குடியில் பேச்செல்லாம் டிகிரிக் கணக்குதான். 40-ஐத் தாண்டியதா, இல்லையா? தேவகோட்டை வழியாகக் கிழக்கே கடலோரத் தொண்டிக்குப் போனால் வெப்பமானி பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆனால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நிழலில் நின்றாலும் புழுக்கம் விடாது.

எது வெப்ப அலை?

இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்கு வெவ்வேறு வரம்புகள் வைத்திருக்கிறது: சமவெளிக்கு 40 டிகிரி செல்சியஸ், மலைப்பகுதிக்கு 30, கடலோரத்துக்கு 37. வரம்பை எட்டுவதோடு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சமவெளியில் அந்தக் கூடுதல் 6.4-ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. ஒரே வட்டாரத்தில் இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாளாவது இப்படிப் பதிவானால்தான் அறிவிப்பு வரும்.

வியர்வை உலராவிட்டால்

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது நடக்காது. வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், உடம்புக்கு அது ஏறக்குறைய 41 டிகிரி.

வெயிலில் உழைப்பவர்களுக்காக மூன்று வெப்பமானிகளைச் சேர்த்து அளக்கும் முறை உண்டு. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இன்னொன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், மூன்றாவது சாதாரணமானது. இவற்றின் பங்கு முறையே 70, 20, 10 சதவீதம். ஈரத்துணிக்கே முதலிடம். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் இம்முறையில்தான் ஆராய்ந்தார்கள். அன்றாட வானிலைச் செய்தியிலும் இந்த அளவு இடம்பெற வேண்டும்.

தணியாத இரவு

பகலில் 40 டிகிரி இருந்தால்தான் வானிலை ஆய்வுத் துறையின் 'வெப்ப இரவு' என்ற வகைப்பாடே பொருந்தும். 37, 38-இல் தவிக்கும் கடலோரத்தின் இரவுகள் அந்தக் கணக்கில் வராமலே போகின்றன. இது திருத்தப்பட வேண்டிய குறை. இரவுச் சூடு வீட்டின் அமைப்பையும் பொறுத்தது. செட்டிநாட்டு வளவு வீட்டில் முற்றத்தின் வழியே சூடு மேலேறிப் போய்விடும். தாழ்ந்த கான்கிரீட் கூரையோ பகல் சூட்டை இரவிலும் இறக்குகிறது. தனியே இருக்கும் முதியவர்களுக்கு இதுவே பெரிய ஆபத்து.

உடனே செய்ய வேண்டியது

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்து உப்புச்சர்க்கரைக் கரைசல் குடிக்கலாம். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டாலோ அது வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாடு அரசு, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததுமே உடல் வெப்பத்தை அளந்து எழுதிவைப்பது சிகிச்சைக்கும் உதவும், பின்னர் நிவாரணத்துக்குச் சான்றாகவும் நிற்கும்.