பெரிய வண்டியா, சிறிய வண்டியா?

1680ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பிறந்து, தமிழகம் போந்து, எங்கள் ஊராகிய ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்தவர் வீரமாமுனிவர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் ஊர்தி வாங்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நடந்து களைத்த குருவுக்குக் குதிரை ஒன்று வேண்டும் என்று சீடர்கள் எண்ணுகிறார்கள். கையில் உள்ள பணமோ சிறிது. ஆகவே, குதிரை முட்டை என்று ஒருவன் காட்டிய பூசணிக்காயை விலைகொடுத்து வாங்குகிறார்கள். வழியில் காய் விழுந்து உடைகிறது. அருகிலிருந்த முயலொன்று வெருண்டு ஓடுகிறது. குட்டிக் குதிரை ஓடிவிட்டதே என்று அவர்கள் புலம்புகிறார்கள்.

படித்து நாம் சிரிக்கிறோம். ஆயினும், ஊர்தி வாங்கும்போது நம்மிற் பலர் பெயரைக் கேட்டு வாங்குகிறோமேயன்றிப் பொருளை அளந்து வாங்குவதில்லை. அளந்து வாங்குதல் எங்ஙனம் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சென்னையில் பொறியாளராக இருக்கிறார். சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். "ஐயா, எஸ்யூவி வாங்க எண்ணியிருக்கிறேன். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எக்ஸ் 3 என்னும் சிறிய வண்டியா, எக்ஸ் 5 என்னும் பெரிய வண்டியா என்பதில் மனம் ஊசலாடுகிறது. தாங்கள் ஒரு முடிவு சொல்லவேண்டும்" என்றார். நான் வாழ்நாளெல்லாம் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றவன். எனினும், கணக்கும் அறிவியலும் கற்பித்தவன் ஆதலால், "தம்பி, முடிவு நான் சொல்லமாட்டேன், அளவுகோல் தருகிறேன்" என்றேன்.

எஸ்யூவி என்பது தரையினின்று சற்று உயர்ந்த உடலும், பெரிய சக்கரங்களும், நிமிர்ந்து அமரும் இருக்கையும் கொண்ட கார். கரடுமுரடான வழியில் ஓடிய ஜீப்பே இதற்கு மூதாதை. வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் மகிந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டில் ஒன்றுகூட்டத் தொடங்கினர். 1970ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவர் தோன்றியது. 1997இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் எம் வகுப்பு வண்டியும், 1999இல் எக்ஸ் 5 வண்டியும் வெளிவந்தபின், காட்டுவழி வண்டி சொகுசு வண்டியாக உருமாறியது. எக்ஸ் 3, எக்ஸ் 5 ஆகிய இரண்டும் நம் தமிழ்நாட்டிலேயே, செங்கற்பட்டு மாவட்டத்துச் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழிற்சாலையில் ஒன்றுகூட்டப்படுகின்றன.

இனி அளவுகளைக் காண்போம். எக்ஸ் 3 ஏறத்தாழ 4.75 மீட்டர் நீளமும் 1.92 மீட்டர் அகலமும் உடையது. எக்ஸ் 5 ஏறத்தாழ 4.9 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உடையது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு சிறியதில் 2.86 மீட்டர், பெரியதில் 2.97 மீட்டர். பொறியின் வகைக்கேற்பச் சிறிது கூடினும் குறையினும், சிறியதன் எடை 1,900 கிலோவை ஒட்டியும், பெரியதன் எடை 2,200 கிலோவை ஒட்டியும் இருக்கும். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியோ இரண்டிலும் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர்தான். பெரிய வண்டி பள்ளத்தையும் மழைநீரையும் மேலும் எளிதாகக் கடக்கும் என்று எண்ணுவது இவ்விரண்டைப் பொறுத்தவரை பொருந்தாது.

அகலத்தில் வேறுபாடு 8 சென்டிமீட்டர், நான்கு விரற்கிடை. "இவ்வளவுதானா!" என்று மாணவர் வியந்தார். ஆனால், சாலையும் விரற்கிடையால் அளக்கப்படுவதே. நம் நாட்டில் இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். ஒருவழிச் சாலையின் அகலம் 3.75 மீட்டர். சிற்றூர்ச் சாலைகள் பல இவ்வொருவழி அளவினவே. அங்கே இரண்டு எக்ஸ் 3 வண்டிகள் எதிர்ப்பட்டால் 3.84 மீட்டர் வேண்டும். இரண்டு எக்ஸ் 5 எதிர்ப்பட்டால் 4 மீட்டர் வேண்டும். பக்கக் கண்ணாடிகளின் நீட்சியை நான் கணக்கிற் சேர்க்கவில்லை. ஆகவே, பெரிதாயினும் சிறிதாயினும் மண்ணில் இறங்கியே ஆகவேண்டும். மண்ணில் நடந்து வருபவர் யார்? பள்ளிக்குச் செல்லும் உங்களைப் போன்ற பிள்ளைகள் அல்லரோ!

அடுத்து எடை. "பெரிய வண்டியே பாதுகாப்பு என்கிறார்களே, ஐயா?" என்று மாணவர் கேட்டார். இது நேர்மையான வினா. நேர்மையாகவே விடை காணவேண்டும். இரு வண்டிகள் நேருக்குநேர் மோதி ஒன்றோடொன்று சிக்கி நின்றால், எடை குறைந்த வண்டியின் வேகமே மிகுதியாக மாறும்; அதில் உள்ளவர்க்கே அதிர்ச்சி மிகுதி. இது உந்த அழிவின்மை விதி. 1,100 கிலோ எடையுள்ள சிறு கார் ஒன்றோடு எக்ஸ் 5 மோதுவதாகக் கொள்வோம். நெருங்கும் வேகத்தை 100 பங்காக்கினால், சிறு கார் 67 பங்கும் எக்ஸ் 5 வண்டி 33 பங்கும் ஏற்கும். எக்ஸ் 3 ஆயின், சிறு கார் 63, எக்ஸ் 3 வண்டி 37. ஆம், பெரிய வண்டியில் இருப்பவர்க்குச் சிறிது காப்பு உண்டு. ஆனால், அந்த நான்கு பங்கு மறைந்துபோகவில்லை. எதிர்வண்டியில் இருப்பவர் தலைமேல் இறங்குகிறது.

மேலும், அரியலூர் மாவட்டத்துச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் செல்வதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். 25 டன் எடையுள்ள லாரி எதிர்ப்பட்டால் கணக்கு என்னாகும்? அதே முறையில் எக்ஸ் 3 ஏற்பது 93 பங்கு. எக்ஸ் 5 ஏற்பது 92 பங்கு. முந்நூறு கிலோ கூடுதல் எடை வாங்கித் தந்த காப்பு ஒரே ஒரு பங்கு! இந்தச் சாலையில் உயிரைக் காப்பது எடையன்று. இருக்கை வார், காற்றுப்பை, அனைத்தினும் மேலாக வேகக் கட்டுப்பாடு.

ஏன் வேகத்தை மேலாகச் சொல்கிறேன்? இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும், வேகத்தின் இருபடிக்கு நேர் விகிதத்திலும் வளர்வது. எக்ஸ் 3 வண்டியினின்று எக்ஸ் 5 வண்டிக்கு மாறினால், அதே வேகத்தில் ஆற்றல் 16 விழுக்காடு கூடும். ஆனால், அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்தினின்று 80க்கு உயர்த்தினால் ஆற்றல் 78 விழுக்காடு கூடும். பையச் செல்லும் யானையைவிடப் பாய்ந்து செல்லும் குதிரையே அஞ்சத்தக்கது. சிறிய வண்டி வாங்கியவர் விரைந்து ஓட்டினால், சிறியதனால் விளைந்த நன்மை முழுவதையும் இழப்பார்.

நடந்து செல்வோரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2023ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வண்டியின் முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருப்பின், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிந்த முகப்பும் உடைய வண்டியைக் காட்டிலும், மோதப்பட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. உயர்ந்த முகப்பு பெரியவர்க்கு மார்பளவு, குழந்தைக்குத் தலையளவு. ஆகவே, எஸ்யூவி வாங்குவோர் இருக்கையில் அமர்ந்து, முகப்பின் முன்னே ஒரு குழந்தையின் உயரத்துக்குக் கூடையொன்றை வைத்து, எத்தனை அடி தள்ளி வைத்தபின் அது கண்ணுக்குப் புலப்படுகிறது என்று பார்த்தல் வேண்டும்.

பெரிய வண்டிக்கு உரிய சிறப்புகளையும் மறைத்தல் ஆகாது. அச்சுகளின் இடைவெளி நீண்டிருப்பின், மேடுபள்ளத்தில் வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். பின்னிருக்கையில் மூவர் தோள் உரசாமல் அமரலாம். சாமான் வைக்கும் இடம் எக்ஸ் 3 வண்டியில் 570 லிட்டர்; எக்ஸ் 5 வண்டியில் 650 லிட்டர். இந்த 80 லிட்டர் என்பது 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு கொள்ளும் இடம். ஐந்து பெரியவர்கள் வாரந்தோறும் சென்னைக்கும் திருச்சிக்கும் நெடுஞ்சாலையில் செல்வதாயின், பெரிய வண்டியை நான் குறைகூறேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அத்தகைய பயணத்துக்காக, மற்ற நாளெல்லாம் பெரியதைச் சுமந்து திரிவதே பிழை.

சுமை என்றேன், பணச்சுமையும் உண்டு. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் இவ்வகைக் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விகிதப்படி, 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 விழுக்காடு. விகிதம் இரண்டு வண்டிக்கும் ஒன்றே. ஆனால், விலை 20 இலட்சம் கூடினால் சாலை வரி மட்டும் 4 இலட்சம் கூடும். முகப்பின் பரப்பு பெரிதாதலால் காற்றின் தடையும், எடை மிகுதியாதலால் ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போது எரிபொருட் செலவும் கூடும்.

இவ்வளவும் தாளில் எழுதியபின், "இனி வீதியைக் கேட்போம்" என்று எழுந்தேன். அளக்காமல் வாங்குவதன் துன்பம் எனக்குத் தெரியும். தலைமையாசிரியராக இருந்தபோது, பள்ளிக்கென்று பெரிய இரும்பு அலமாரி ஒன்றை ஆசையோடு வாங்கினேன். வாயிலின் அகலத்தை அளக்க மறந்தேன். அலமாரி தாழ்வாரத்திலேயே ஒரு மழைக்காலம் முழுவதும் நின்று துருவேறியது. பிள்ளைகள் நாள்தோறும் அதைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குச் சென்றார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பாடமாயிற்று.

மாணவரின் வீடு இருப்பது பன்னிரண்டடி அகலமுள்ள சந்து. அது ஓரிடத்தில் சட்டெனத் திரும்புகிறது. திருப்பத்தில் ஒரு திண்ணை. அதில் மாலைவேளையில் முதியோர் அமர்வதுண்டு. மூங்கிற் கழிகளைக் கட்டி இரண்டு சட்டங்கள் செய்தோம். ஒன்று எக்ஸ் 3 அளவு, மற்றொன்று எக்ஸ் 5 அளவு. வீதிச் சிறுவர் நால்வர் நான்கு மூலைகளைப் பிடித்துக்கொண்டனர். "கார் நண்டைப்போல் பக்கவாட்டில் நடவாது, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைத் தொடர்ந்தே வரவேண்டும்" என்று அவர்களுக்குச் சொல்லிவைத்தேன். சிறிய சட்டம் ஒரு சாண் இடைவெளியில் திரும்பிற்று. பெரிய சட்டத்தின் உட்பக்கப் பின்மூலையைப் பிடித்த சிறுவன் திண்ணைமேல் ஏறி நின்று சிரித்தான். அச்சுகளின் இடைவெளி நீளுந்தோறும் பின்சக்கரம் திருப்பத்தில் உள்ளே ஒதுங்கும் என்னும் உண்மையை, எந்தப் படத்தைவிடவும் தெளிவாக அச்சிறுவன் விளக்கிவிட்டான்.

இத்தனையையும் மாணவரின் அன்னையார் வாயிற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி. திருமானூர் வழியாகக் கொள்ளிடம் கடந்து தஞ்சாவூருக்குச் சிகிச்சைக்காகப் பேருந்தில் சென்று வருகிறார். அவருக்காகவே வண்டி என்று மகன் சொன்னார். அன்னையார் மெல்லச் சொன்னார்: "காலையிலிருந்து நீளம், அகலம் எல்லாம் அளக்கிறீர்கள், ஐயா. மாதத்தில் எத்தனை நாள் இந்த வண்டி இங்கே வரும் என்பதை மட்டும் ஒருவரும் அளக்கவில்லை."

நான் நாணினேன். கணக்காசிரியனாகிய நான் விட்டுவிட்ட எண் அதுவே. மாணவர் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு, "மாதம் ஒருமுறை, அம்மா, உங்கள் மருத்துவ நாளன்று" என்றார்.

எதை வாங்கினார் என்று கேட்பீர்கள். அன்னையாரை விற்பனை நிலையத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டிலும் ஏறி அமரச் செய்தபின், சிறியதையே வாங்கினார். சென்ற மாதத்தில் அது எங்கள் சந்தில் திரும்பியபோது அந்தத் திண்ணையில் நானும் அமர்ந்திருந்தேன். வண்டி மெல்லவே வந்தது. காலை மடக்கவேண்டிய தேவை எனக்கு நேரவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் யார் எஸ்யூவி வாங்குவீர், யார் மிதிவண்டியிலேயே மகிழ்வீர் என்பது எனக்குத் தெரியாது. எதை வாங்கினும் நான்கு வினாக்களை முதலில் கேளுங்கள். நாள்தோறும் இதில் ஏறுபவர் யார்? இது செல்லும் வழி எத்தனை அடி? அவ்வழியில் நடந்து வருபவர் யார்? யாருக்காக வாங்குகிறோமோ அவரிடம் இது எத்தனை நாள் செல்லும்? இவற்றுக்கு விடை எழுதியபின் விலையைக் கேளுங்கள். அதன்பின் பெரியதா, சிறியதா என்பதைப் பிறரிடம் கேட்கவேண்டிய தேவை உங்களுக்கு இராது.