டவர் இல்லாத இரவு

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட அந்த இரவில் மொட்டை மாடியில் நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் காட்டும் இடத்தில் பெருக்கல் குறி. அம்மா அடுத்த தெருவில், தங்கை வீட்டில். நடுவே வேரோடு சாய்ந்த மரங்கள், அறுந்து தொங்கும் மின்கம்பிகள். கூப்பிடு தூரம்தான்; கூப்பிடத்தான் வழியில்லை.

அத்தனை வீட்டிலும் போன் இருந்தது. ஒவ்வொன்றிலும் ப்ளூடூத், வைஃபை என்று இரண்டு குட்டி ரேடியோக்கள். அவை பேசிக்கொள்ள டவர் வேண்டாம். இது நமக்குப் புதிதும் அல்ல. ஷேர்இட், ஸெண்டர் வைத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே முழுப் படத்தை ஏற்றிக்கொண்ட காலம் அது. ஒரு போன் ஹாட்ஸ்பாட் ஆகும், இன்னொன்று அதில் சேர்ந்துகொள்ளும். டேட்டா ஒரு எம்.பி.கூடச் செலவாகாது. 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் இவை இரண்டும் போயின.

தூரம்தான் சிக்கல். இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் ப்ளூடூத் படுத்துவிடும். அதற்கு வழி, கைமாற்றி விடுவது. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கடத்துவார்களே, அப்படி. என் போன் பக்கத்து வீட்டுப் போனுக்கு, அது எதிர்வீட்டுக்கு. இதைத்தான் மெஷ் என்கிறார்கள்.

2014 செப்டம்பரில் போராட்டத்தில் இறங்கிய ஹாங்காங் மாணவர்கள், நெட்டைத் துண்டித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஃபயர்சாட் ஆப்பை இறக்கிக்கொண்டார்கள். அதுவும் மெஷ்தான். கூட்டம் கூடினால் டவர் திணறும். மெஷ்ஷுக்கோ கூட்டம்தான் பலம். ஆனால் ஃபயர்சாட்டில் எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. அங்கே 2019 போராட்டத்தில் கைகொடுத்த பிரிட்ஜ்ஃபை என்ற மெஷ் ஆப்பிலும் செய்திகளை இடைமறித்துப் படிக்கலாம் என்று லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். உயிரைப் பணயம் வைத்தவர்கள் நம்பிய கருவி அது. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

2025 ஜூலையில் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சி வெளியிட்ட பிட்சாட் என்ற மெஷ் ஆப்பில் ஒரு செய்தி போன் விட்டுப் போன் ஏழு தாவல் வரை போகும். ரகசியம் பேச இன்னும் பொறுக்கலாம். ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்ல இது போதும். ஐப்பசி பிறந்ததுமே எங்கள் அடுக்ககத்தில் ஆறு போன்களில் ஏற்றினோம். புயல் வந்தபின் ஏற்ற முடியாது, ஆப்பை இறக்கவே நெட் வேண்டுமே! ஏர்ப்ளேன் மோடு போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திறந்து, கீழிருந்து அனுப்பினேன். நாலாவது மாடிக்குப் போகவில்லை. இரண்டாம் மாடிப் பாட்டி தன் போனோடு மெல்ல நடந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

மேலேயிருந்து குரல் கேட்டது: “வந்துடுச்சு!”