48 மெகாபிக்சல் கேமரா சில ஆயிரம் ரூபாய்க்கு... வாங்கலாமா?

‘48 மெகாபிக்சல், 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம், 4கே வீடியோ, மெமரி கார்டு இலவசம்!’ ஆன்லைன் கடைகளில் ‘டிஜிட்டல் கேமரா’ என்று தேடினால், இப்படிப்பட்ட விளம்பரத்தோடு பெயரே கேள்விப்படாத கேமராக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. விலையும் சில ஆயிரம்தான். பழைய ‘டிஜிகேம்’ படங்கள் இன்ஸ்டாகிராமில் மீண்டும் மவுசு பெற்றிருக்கும் நேரம் இது. ‘டூர் போனா எடுக்க ஒண்ணு இருக்கட்டுமே’ என்று ஆர்டர் போட்டுவிடத் தோன்றும். ஆனால், பெரும்பாலும் அந்தக் கேமராவைவிடச் சட்டைப்பையில் இருக்கும் போனே நன்றாகப் படமெடுக்கும்.

காரணம், பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கப்படாத ஒரு விஷயம்: சென்சாரின் அளவு.

ஒரு காலத்தில் ஃபிலிம் ரோல் செய்த வேலையை இன்று செய்வது சென்சார். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக மாற்றும் சில்லு அது. மழையில் டம்ளரையும் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அதே கணக்குதான். பரப்பு பெரிதானால் வெளிச்சம் அதிகம் சேரும், மங்கிய இடத்திலும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியாது.

பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் இருப்பது 1/2.3 இன்ச் வகை சென்சார். சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். இன்றைய நடுத்தர விலை போன்கள் பலவற்றின் பிரதான கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாததற்கு, போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து, வெளிச்சத்தைச் சரிசெய்தும் கொடுத்துவிடுகிறது. மலிவு விலை கேமரா இந்த வேலையை எல்லாம் செய்வதில்லை.

அடுத்த படி ‘1 இன்ச்’ சென்சார். 13.2 x 8.8 மி.மீ. என்பதால் பரப்பு முன்னதைப் போல நான்கு மடங்கு. (உண்மையில் இதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. பழைய வீடியோ கேமரா குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு, சென்சார் வந்த பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது.) அதற்கும் மேலே, டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி. கேனனில் இது சுமார் 22.3 x 14.9 மி.மீ., அதாவது பாக்கெட் கேமராவைப் போலக் கிட்டத்தட்ட 12 மடங்கு.

அப்படியானால் மெகாபிக்சல்? ஏ4 தாளில் தெளிவாக அச்சடிக்க 9 மெகாபிக்சல் போதும். 4கே டிவியின் முழுத் திரைக்கே சுமார் 8.3 மெகாபிக்சல்தான். போன் திரைக்கு மூன்றுகூடத் தேவையில்லை. மலிவு கேமராவின் விவரக்குறிப்பில் எங்காவது ‘இன்டர்போலேஷன்’ என்ற சொல் கண்ணில் பட்டால் உஷாராகிவிட வேண்டும். சென்சார் பிடித்த புள்ளிகள் குறைவு, நடுவில் உள்ளவற்றை மென்பொருள் ஊகித்து நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டரைக் கூட்டுகிற கதை.

போனிடம் இல்லாதது எது?

கேமரா வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலருக்கும் பதில், ஜூம். அதிலும் ஆப்டிகல் ஜூம். லென்ஸே நகர்ந்து காட்சியைக் கிட்டே கொண்டுவருவது அது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே, அதை கேலரியில் இரண்டு விரலால் நாமே செய்துகொள்ளலாம்.

உதாரணத்துக்கு, கேனன் இக்சஸ் 285 எச்எஸ். 2016இல் வந்த இந்தக் குட்டிக் கேமராவில் 12 எக்ஸ் ஆப்டிகல் ஜூம், அதாவது 25 முதல் 300 மி.மீ. வரை. பகலில் கோபுரத்துச் சிற்பத்தைத் தரையில் நின்றே எடுக்கலாம். ஆனால் முழு ஜூமில் லென்ஸின் திறப்பு எஃப்/7 ஆகச் சுருங்கிவிடும். போன்களில் பரவலாக உள்ள எஃப்/1.8 உடன் ஒப்பிட்டால் இது விடும் வெளிச்சம் சுமார் 15இல் ஒரு பங்கு. கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து தாலி கட்டுவதை இதில் எடுக்க முயன்றால் கலங்கலாகத்தான் வரும். கேனன் எஸ்எக்ஸ்740 போன்ற 40 எக்ஸ் கேமராக்களுக்கும் இதே குணம்தான். வேடந்தாங்கலில் காலை வெயிலில் நாரையைப் பிடிக்க அருமை, இருட்டிவிட்டால் பைக்குள் வைத்துவிடலாம்.

ஜூமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், சட்டைப்பையிலும் அடங்க வேண்டும் என்றால் 1 இன்ச் கேமராக்கள். புதிதாக வாங்கினால் விலை எகிறும். 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இன்றும் செகண்ட் ஹேண்டில் தேடத் தகுந்தது. அந்த முதல் மாடலில் வைஃபை கிடையாது, கார்டைக் கழற்றித்தான் படத்தை போனுக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு கூட்டத்துக்கு வேண்டியது ஜூம் அல்ல. வீட்டுக்குள் ஓடும் குழந்தை, சாயங்கால வெளிச்சத்தில் ஒரு முகம், பின்னணி கரைந்து போகும் படம். அவர்கள் யோசிக்க வேண்டியது செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர். கேனன் 1500டி, நிக்கான் டி3500 இரண்டும் 2018இல் வந்தவை, இரண்டும் 24 மெகாபிக்சல். நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பலர் இவற்றை விற்றுவிட்டு மாறுகிறார்கள். கூடவே வரும் 18-55 லென்ஸோடு நின்றுவிட்டால் பாதிப் பயன்தான். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்தால்தான் போனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டி3500க்கு வாங்கும்போது பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, பழைய ‘டி’ வகை லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 1500டி லென்ஸ் இல்லாமலே 475 கிராம். ஊருக்குப் போகும்போது ‘அதை எதுக்குத் தூக்கிட்டு?’ என்று வீட்டிலேயே விட்டுவிடுபவர்கள் அதிகம். ரீல்ஸ்தான் முக்கியம் என்றால் டிஎஸ்எல்ஆரே வேண்டாம், போனே தேவலை.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்ப்பது?

முதலில் ஷட்டர் கவுன்ட். வண்டிக்கு கிலோமீட்டர் மாதிரி, கேமரா இதுவரை எத்தனை முறை ‘கிளிக்’ ஆகியிருக்கிறது என்ற கணக்கு. டி3500 வகை கேமராக்களின் ஷட்டர் 1 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டவை. நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே இந்த எண் பதிவாகிவிடும், இணையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கேனனின் தொடக்கநிலை மாடல்களில் இது அவ்வளவு சுலபம் இல்லை.

அடுத்து லென்ஸ். கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்திவலை போல இழை தெரிந்தால் பூஞ்சை, என்ன விலை சொன்னாலும் வேண்டாம். பிறகு எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம். அதில் கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. இதைச் சுத்தம் செய்துவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கவும் செய்யலாம்.

2000களின் தொடக்கத்தில் வந்த டிஜிகேம்தான் வேண்டும் என்பவர்கள் கார்டை முதலில் விசாரிப்பது நல்லது. சில பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்களுக்கு எக்ஸ்டி கார்டு, சோனிக்கு மெமரி ஸ்டிக். எஸ்டி போடும் மாடலாக இருந்தாலும் மிகப் பழையது என்றால் 2 ஜிபிக்கு மேல் படிக்காது. பேட்டரி கிடைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் அந்தக் கவலை இல்லை.

எதை வாங்கினாலும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் கேமராவை மாதக்கணக்கில் பைக்குள்ளேயே போட்டு வைக்கக் கூடாது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் ஒரு கைப்பிடி. நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டிய நேரம்.