சார்லஸ் காஸ்லி – பள்ளி ஆசிரியராய் வாழ்ந்த கவிஞர்



ஆங்கிலக் கவிஞர்கள் என்றதும் ஷேக்ஸ்பியர், வோர்ட்ஸ்வொர்த், ஷெல்லி போன்ற பழையவர்களே நம் நினைவுக்கு வருவார்கள். இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பொதுமக்கள் விரும்பிப் படித்த ஒருவரை இன்று அறிந்துகொள்வோம். அவர்தான் சார்லஸ் காஸ்லி. எங்களைப் போல அவரும் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். அவரை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில், லான்ஸ்டன் என்னும் சிற்றூரில், 1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் காஸ்லி பிறந்தார். முதல் உலகப் போருக்குச் சென்ற தந்தையார் நோயாளியாகத் திரும்பி, 1924இல் காலமானார். தாயாரால் வளர்க்கப்பட்ட காஸ்லி இளமையிலேயே படிப்பை நிறுத்தி, ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். ஓய்வு நேரத்தில் நடனக் குழுவில் பியானோ வாசித்தார், நாடகங்களும் எழுதினார்.

1940இல் கடற்படையில் சேர்ந்தார். முதலில் எக்லிப்ஸ் என்ற நாசகாரிக் கப்பலிலும், பின்னர் பசிபிக் கடலில் குளோரி என்ற விமானந்தாங்கிக் கப்பலிலும் சங்கேதச் செய்திகளைக் கவனித்தார். அங்கேதான் அவர் கவிஞரானார். ஆடும் கப்பலில் நாடகம் எழுத இடம் ஏது? கவிதையை வேலைக்கு நடுவே மனத்திற்குள்ளேயே கோத்துக்கொள்ளலாம் அல்லவா!

போர் முடிந்ததும் பீட்டர்பரோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, தாம் சிறுவயதில் படித்த அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார். 1976 வரை ஆசிரியப் பணியை விடவில்லை. முதற்கவிதைத் தொகுப்பு 1951இல் வெளிவந்தது.

1957இல் வந்த 'யூனியன் ஸ்திரீட்' தொகுப்பில் திமோத்தி வின்டர்ஸ் என்ற சிறுவனைப் பற்றிய கவிதை உண்டு. கிழிந்த உடை, அழுக்கு, வீட்டில் வறுமை. வகுப்பில் அவன் மனம் பாடத்தில் நிற்பதில்லை. காலை வழிபாட்டில், நம்மைவிட எளியவர்களுக்காக வேண்டிக்கொள்வோம் என்று ஆசிரியர் சொல்லும்போது, எல்லாரினும் உரக்க 'ஆமென்' என்பவன் அவன்தான்! தன்னைவிட எளியவர் இருப்பதாக அவன் நம்புகிறான். இப்படி ஒரு பையன் உண்மையிலேயே இருந்தானா என்று கேட்டவர்களுக்கு, ஆம், இருந்தான் என்றே காஸ்லி விடையளித்தார். தோட்டப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்கும் எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. திமோத்திக்கு எந்த வரிசையில் இடம் போடுவது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அக்காலத்துப் புதுக்கவிஞர் பலர் எதுகையையும் சந்தத்தையும் ஒதுக்கியபோது, காஸ்லி பழைய கதைப்பாடல் வடிவத்தையே கையாண்டார். நல்லதங்காள் கதையைப் பாடக் கேட்டவர்களுக்கு அவ்வடிவத்தின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. எளிமையாக இருப்பதால் ஆழமில்லை என்று எண்ணிய திறனாய்வாளரும் இருந்தனர். அது தவறு என்பது எங்கள் கருத்து. அவர் பாட்டில் கடலும் போரும் சாவும் தாலாட்டின் ஓசையோடு வரும். கேட்டு முடித்த பிறகே நெஞ்சு கனக்கும்.

சிறுவர் பாட்டு என்றும் பெரியவர் பாட்டு என்றும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. 1970இல் சிறுவர்க்காக வெளியிட்ட 'ஃபிகி ஹாபின்' நூலுக்குக் கார்ன்வால் பலகாரம் ஒன்றின் பெயரைச் சூட்டினார். 1975இல் வந்த பெருந்தொகுப்பில் சிறுவர் பாட்டுகளையும் மற்றவற்றோடு கலந்தே வைத்தார்.

1967இல் கவிதைக்கான அரசியாரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. பி.பி.சி. வானொலியில் நேயர் விருப்பக் கவிதை நிகழ்ச்சியையும் நடத்தினார். மணம் செய்துகொள்ளவில்லை. நோயுற்ற தாயாரை 1971இல் அவர் மறையும் வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார்.

1988இல் வெளிவந்த தொகுப்பிலுள்ள 'ஈடன் ராக்' கவிதையில், இறந்துபோன தாயும் தந்தையும் மீண்டும் இளமையோடு ஓர் ஓடைக்கு அக்கரையில் தேநீருடன் காத்திருக்கிறார்கள். மகனைக் கடந்து வரச் சொல்லி அழைக்கிறார்கள். ஈடன் ராக் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். அப்படி ஓர் இடமே இல்லை, நானாகக் கற்பித்துக்கொண்டது என்றார் காஸ்லி.

2003 நவம்பர் 4ஆம் நாள் அவர் மறைந்தார். லான்ஸ்டனில் தாயாரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.